ஸ்ரீநகரில் நான்கு குளிர்காலம்

2020 அக்டோபரில் கணவருக்கு வேலை மாற்றல் வந்து ஸ்ரீநகருக்குக் குடிபோனோம். போன முதல் வாரமே வீட்டுக்கார அம்மா மாடியேறி வந்து, "கத்தரிக்காய் காயப்போட்டாயா, மகளே?" என்று கேட்டார். எனக்குப் புரியவில்லை. வெளியே நல்ல வெயில். சினார் மரங்கள் அப்போதுதான் நிறம் மாறத் தொடங்கியிருந்தன. அவர் என்னைக் கையோடு கூட்டிப்போய்த் தன் வீட்டு ஜன்னலைக் காட்டினார். நூலில் கோத்த கத்தரிக்காய், வளையம் வளையமாக நறுக்கிய சுரைக்காய், பிளந்த தக்காளி எல்லாம் மாலை மாலையாகத் தொங்கின. ஹோக் ஸ்யுன் என்றார். நம் வற்றல்தான். ஆனால் நாம் ருசிக்காகப் போடுகிறோம். அங்கே, ஜம்முவிலிருந்து வரும் நெடுஞ்சாலை ராம்பன் பக்கம் மண்சரிந்து நாலைந்து நாள் மூடிவிட்டால் வீட்டில் சமைக்க ஏதாவது இருக்க வேண்டுமே என்று போடுகிறார்கள்.

காஷ்மீருக்குப் போகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது "குளிரை எப்படித் தாங்கினீர்கள்?" என்றுதான். தாங்கியது குளிர்காலத்தில் இல்லை, அதற்கு இரண்டு மாதம் முன்னால் என்றுதான் சொல்வேன். அக்டோபர், நவம்பரில் அந்த ஊர்ப் பெண்களைப் பார்க்க வேண்டும். உதிர்ந்த சினார் இலைகளைக் குவித்துக் கொளுத்தி, முழுக்கச் சாம்பலாவதற்குள் தண்ணீர் தெளித்து அணைத்து, கரியாக்கி மூட்டை கட்டிவிடுவார்கள். காங்கிரியில் போடுவதற்கு. காங்கிரி என்பது பிரம்புக்கூடை போலப் பின்னிய கூட்டுக்குள் வைத்த மண்சட்டி. அதில் தணலை நிரப்பி, ஃபெரன் என்ற நீளமான தொளதொளத்த கம்பளி அங்கிக்குள் வைத்துக்கொண்டே நடப்பார்கள், உட்காருவார்கள், கடை நடத்துவார்கள். ஃபெரனின் ஒரு கை சும்மா தொங்கினால், அந்தக் கை உள்ளே காங்கிரியைப் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். எனக்கு அது கைவர ஒரு வருடம் ஆனது.

குளிருக்கு அவர்களிடம் தனி நாட்காட்டியே உண்டு. டிசம்பர் 21-இல் தொடங்கும் நாற்பது நாள் சில்லை கலான், பெரிய குளிர். அடுத்த இருபது நாள் சில்லை குர்த், சின்னக் குளிர். கடைசிப் பத்து நாள் சில்லை பச்சா, குழந்தைக் குளிர். சில்லை பச்சாவில் பனி விழுந்தால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். மலைமேல் நின்று உறைவது சில்லை கலான் பனிதான், வருடம் முழுக்கத் தண்ணீர் தருவது அதுதான் என்று வீட்டுக்கார அம்மா சொல்வார். எனக்கு அப்போது அது பழைய காலத்துப் பேச்சாகத்தான் பட்டது.

அந்த முதல் குளிர்காலத்தில் முதல் பனி விழுந்த காலை, வீட்டுக்கார அம்மாவின் பேத்தி துணி மூடிய கிண்ணத்தோடு வந்து நின்றாள். "பாட்டி கொடுத்துவிட்டார்." ஏதோ பலகாரம் என்று வாங்கித் திறந்தால் உள்ளே வெள்ளையாகப் பனி! "நவ் ஷீன்! நவ் ஷீன்!" என்று கத்திக்கொண்டே கீழே ஓடினாள். பருவத்தின் முதல் பனியைச் சாமர்த்தியமாக ஒருவர் கையில் கொடுத்துவிட்டால், வாங்கியவர் விருந்து வைக்க வேண்டுமாம். சரி என்று அந்த ஞாயிறு அவர்கள் எல்லோருக்கும் சாம்பாரும் உருளைக்கிழங்கு வறுவலும் செய்துபோட்டேன்.

2021 ஜனவரி முதல் வாரத்தில் கொட்டிய பனியைச் சொல்லாமல் விட முடியாது. நாள் கணக்கில் நிற்கவில்லை. தகரக் கூரையிலிருந்து பனி சறுக்கி விழும் ஒவ்வொரு முறையும் இடி இறங்கியது போல வீடு அதிரும், என் மகள் என்னைக் கட்டிக்கொள்வாள். கூரை விளிம்புக்குக் கீழே நடக்காதே, வண்டி நிறுத்தாதே என்று முதலிலேயே சொல்லியிருந்தார்கள். ஆனால் உண்மையான குளிர் பனி நின்ற பிறகுதான் வந்தது. மேகம் மூடிய இரவு போர்வை போல. வானம் துடைத்துவிட்டு நட்சத்திரம் தெரிகிற இரவில் தரைச்சூடெல்லாம் மேலே போய்விடும், மலைச்சரிவுகளிலிருந்து குளிர்காற்று கனத்து இறங்கிப் பள்ளத்தாக்கின் அடியில் தேங்கிவிடும். அந்த மாதம் ஸ்ரீநகரில் மைனஸ் 8-க்கும் கீழே போனது. தால் ஏரி உறைந்தது. கூரை ஓரங்களில் முழ நீளத்துக்குப் பனிக்கம்பிகள் தொங்கின. குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை. சாக்கு சுற்றாமல் விட்ட குழாய் எங்களுடையது மட்டும்தான். வெந்நீரை ஊற்றி ஊற்றி உருக்கினோம்.

இன்னொன்றையும் எழுத வேண்டும், ஏனென்றால் வெளியூரிலிருந்து போகிறவர்களுக்கு இது தெரியாது. ஓர் இரவு மின்சாரம் போனதும் கேஸ் ஹீட்டரைப் போட்டு, ஜன்னலை இறுக்க மூடிப் படுத்தோம். நடுராத்திரியில் மகள் தலைவலி என்று எழுந்து வாந்தி எடுத்தாள். எனக்கும் தலை சுற்றியது. கணவர் தட்டுத்தடுமாறி ஜன்னலைத் திறந்தார். மூடிய அறையில் எரிகிற நெருப்பிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. ஒவ்வொரு குளிர்காலத்திலும் அங்கே அதனால் உயிர்கள் போகின்றன. எவ்வளவு குளிராக இருந்தாலும் ஜன்னலை இரண்டு விரல் அளவு திறந்து வையுங்கள், எரியும் ஹீட்டரோடு தூங்காதீர்கள்.

மற்ற பருவங்களைப் பற்றிப் பயமாகச் சொல்ல அதிகம் இல்லை. மார்ச்சில் பாதாம் பூக்கும், மாத முடிவில் ஜபர்வான் மலையடிவாரத்தில் துலிப் மலர்கள், கூடவே விடாத மழையும் சேறும். செப்டம்பரில் மட்டும் இரண்டு நாள் சேர்ந்தாற்போல் மழை பெய்தால் எங்கள் தெருவே பேச்சைக் குறைத்துக்கொள்ளும். 2014 செப்டம்பர் வெள்ளத்தின் கறை கீழ்த்தளச் சுவரில் என் தலைக்கு மேலே இருந்தது. சங்கம் என்ற ஊரில் ஜீலம் ஆற்றின் நீர்மட்டம் எத்தனை அடி என்று வீட்டுக்கார அம்மா போனில் கேட்டுக்கொண்டே இருப்பார்.

நான் பயந்தது நான்காவது குளிர்காலத்தில். 2023 டிசம்பர் போனது, பனி இல்லை. சில்லை கலான் பாதி கடந்தது, பனி இல்லை. பகலில் ஸ்வெட்டர் தேவைப்படாத வெயில், இரவில் கடுங்குளிர், வீடு முழுக்க வறட்டு இருமல். ஜனவரியில் குல்மார்க் போனோம். ஆளுயரம் பனி கிடந்து நான் பார்த்த புல்வெளி பழுப்பாகக் காய்ந்து கிடந்தது. தெற்கிலிருந்து வரும் பருவமழையை பீர் பஞ்சால் மலை பெரும்பாலும் தடுத்துவிடுகிறது. மத்தியதரைக் கடல் பக்கத்திலிருந்து வரும் காற்றுச்சுழற்சிகள்தான் குளிர்காலத்தில் பனி கொண்டுவருபவை. அவை வரவில்லை.

ஷோபியானில் ஆப்பிள் தோட்டம் வைத்திருக்கும் வீட்டுக்கார அம்மாவின் தம்பி வந்திருந்தார். இப்படியே வெயில் அடித்தால் மரம் ஏமாந்து சீக்கிரம் பூத்துவிடும், பிறகு வரும் குளிரில் பூ கருகும், ஊற்றுகள் வற்றும், ஜூனில் நாற்று நடக் கால்வாயில் தண்ணீர் இருக்காது என்று அடுக்கிக்கொண்டே போனார். அதிகம் பேசாத மனிதர். மசூதிகளில் மழைக்கும் பனிக்கும் சிறப்புத் தொழுகை நடந்தது. குளிர் என்றாலே முகம் சுளித்த நான், தினமும் காலையில் திரையை விலக்கி வானத்தைப் பார்க்க ஆரம்பித்தேன்.

ஜனவரிக் கடைசியில் குல்மார்கில் பனி என்று சேதி வந்தது. பிப்ரவரித் தொடக்கத்தில் ஒரு விடிகாலை, தெருவில் ஓசையே இல்லை. அந்த அமைதி எனக்கு அதற்குள் பழகியிருந்தது. எழுந்து, கிண்ணத்தை எடுத்து, பால்கனிக் கம்பியில் இருந்ததை வழித்துப் போட்டு, துணியால் மூடிக் கீழே கொண்டுபோனேன். வீட்டுக்கார அம்மா கதவைத் திறந்தார். கிண்ணத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். உள்ளே என்ன என்று அவருக்குத் தெரியாமலா இருக்கும்? இரண்டு கைகளையும் நீட்டி வாங்கிக்கொண்டார்.

"நான் தோற்றுவிட்டேன். வெள்ளிக்கிழமை சாப்பிட வந்துவிடு" என்றார்.

போனோம். ஹமாமில், அடியில் விறகெரித்துச் சூடேற்றிய கல்தரையில், எல்லோரும் வட்டமாக உட்கார்ந்தோம். கறி, சோறு, காய்ந்த கத்தரிக்காய்க் குழம்பு. அந்தக் கத்தரிக்காயில் பாதி, அக்டோபரில் நான் கோத்துக் காயவைத்தது.