300 குறுந்தகடுகள்: பழைய எம்பி3யை ஃபிளாக்காக மாற்றலாமா?

கேள்வி:
2006இல் என் 300 குறுந்தகடுகளையும் 128 கேபிபிஎஸ் (நொடிக்கு 128 கிலோபிட்) எம்பி3 ஆக்கி வைத்தேன். இப்போது நல்ல ஹெட்போனில் கேட்டால் ஜாலராவின் ஓசை தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் குழம்புகிறது. அந்தக் கோப்புகளையே ஃபிளாக்காக (ஒலியில் எதையும் வெட்டாமல் சுருக்கும் கோப்பு வடிவம்) மாற்றினால் சரியாகுமா?

பதில் 1:
கோப்பு பருக்கும், ஓசை மாறாது. எம்பி3 வெட்டி எறிந்ததை ஃபிளாக் எங்கே போய்த் தேடும்? தகடுகளைத்தான் மறுபடி எடுக்க வேண்டும். இதே தவற்றில் மூன்று மாத மாலைகளைத் தொலைத்தவன் சொல்கிறேன். ஒரு மணி நேரத் தகடு சுமார் 635 மெகாபைட். ஃபிளாக்கில் பெரும்பாலும் அதில் பாதியை ஒட்டி வரும். தவிர, ஃபிளாக் கோப்புக்குள் மூல ஒலியின் எம்டி5 சரிபார்ப்பு எண் இருக்கும். கணினியின் சேமிப்பு வட்டு பழுதானால் எந்தப் பாட்டு கெட்டது என்று சோதித்துக் கண்டுபிடிக்கலாம். சுருக்காத வேவ் கோப்பில் அது கிடையாது.

பதில் 2:
கைபேசிக்கு அந்த ஃபிளாக்கிலிருந்தே 128 கேபிபிஎஸ் ஓபஸ் (அதே அளவில் எம்பி3யைவிடத் தெளிவாக ஒலிக்கும் புதிய வடிவம்) எடுங்கள். கண்ணை மூடி ஃபிளாக்கோடு ஒப்பிட்டேன். என் காதுக்கு வேறுபாடு தெரியவில்லை. பழைய கார் ஸ்டீரியோ என்றால் எம்பி3தான், வேறு வழியில்லை.

கேட்டவர்:
முதல் தகட்டைப் போட்டுவிட்டேன். ஏழாவது பாட்டில் கீறல். இருபது நிமிடமாக டிரைவ் அங்கேயே உறுமிக்கொண்டிருக்கிறது.