புதுப்பிப்பு: சுண்ணாம்பு கலந்த கரிசல் மண்ணுக்கு வலிமை வராத காரணம்

கோவில்பட்டிப் பக்கத்துச் சாலைக்காக, கரிசல் மண்ணில் 5% சுண்ணாம்பு கலந்து செய்த உருளைகள் 7 நாள் வைத்திருந்து செய்யும் அழுத்தச் சோதனையில் சட்டென்று நொறுங்குவது ஏன் என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பிஎச் (காரத்தன்மையின் அளவு) பார்க்கச் சொன்னவர் சொன்னதுதான் சரி. சுண்ணாம்பு மண்ணோடு நன்றாக வினைபுரிய, கலவையின் பிஎச் 12.4-ஐ எட்ட வேண்டும்; எங்களுடையது 11.6-லேயே நின்றது. திறந்து கிடந்த மூட்டைச் சுண்ணாம்பு, காற்றிலுள்ள கரியமில வாயுவால் கால்சியம் கார்பனேட்டாக மாறியிருந்தது. புது மூட்டையில் அதே 5%-க்கு 12.4 வந்துவிட்டது.

எதிர்பாராத ஒன்றும் இருந்தது. சுண்ணாம்பு சேர்ந்ததும் உகந்த ஈரப்பதம் (மண்ணை மிக நெருக்கமாக இறுக்கத் தேவையான தண்ணீர் அளவு) கூடி, அப்படி இறுக்கியதில் கிடைக்கும் உலர் அடர்த்தி (தண்ணீரைச் சேர்க்காத அடர்த்தி) குறைகிறது. நாங்களோ வெறும் மண்ணின் கணக்கில் தண்ணீர் ஊற்றியிருந்தோம். அப்புறம் கலவைக்கே பிராக்டர் சோதனை (உகந்த ஈரப்பதத்தைக் கண்டறியும் சோதனை) செய்து, உருளைகளை ஈரம் போகாமல் பாலித்தீனில் சுற்றி வைத்தோம். 7 நாள் வலிமை இரண்டரை மடங்கானது. 28 நாள் உருளைகள் அதைவிடவும் உறுதி.