சீட்டுக்கடியில் தகரத்தை அறுத்தவங்க இருக்கீங்களா?

கம்பத்துக்காரன்
வண்டில பெட்ரோல் டேங்க்குக்குள்ள இருக்கிற பம்ப் போயிருச்சு. டேங்க்கை இறக்கலாம்னா போல்ட் எல்லாம் துரு. பட்டறைக்காரர், "பின்சீட்டைக் கழட்டி மேல இருந்தே அறுத்துருவோம் தம்பி, அரை மணி வேலை"ன்னார். சாக்பீஸ்ல ஒரு சதுரம், உடனே கிரைண்டர். மூணு பக்கம் முடிஞ்சு நாலாவது பக்கம் போகும்போது தகரம் லேசா அமுங்குச்சு. அந்தச் சந்து வழியா டேங்க் தலை தெரியுது, ரெண்டு விரக்கடை இடம்கூட இல்ல. பொறி அது மேல விழுந்து கடுகு மாதிரி உருளுது. பெட்ரோல் வாடை வேற. நிறுத்துங்கண்ணேன்னு சொல்ல வாய் வரல. ஒண்ணும் ஆகல. ஆனாலும் இப்ப கிரைண்டர் சத்தம் கேட்டாலே வயித்தைக் கலக்குது.

புளியரை டிரைவர்
டேங்க்கைக் காலி பண்ணிட்டா முடிஞ்சது, இதுக்குப் போய் பயந்துக்கிட்டு. எனக்கு வந்த வினை வேற. ட்ரில் பிட் கீழ இறங்கி பிரேக் பைப்பை உரசியிருக்கு, யாரும் பாக்கல. நாலாம் நாள் ஆரியங்காவுல இருந்து இறங்குறேன், எஸ் வளைவுல மிதிச்சா பெடல் பஞ்சு மாதிரி உள்ள போகுது. செகண்ட் கியர், ஹேண்ட்பிரேக், மலையோரமா ஒதுக்கி நிறுத்தினேன். கூட வந்த மச்சான் அன்னையில இருந்து என் வண்டில ஏறுறதில்ல.

வாளையார் மணி
புளியரை அண்ணே, தப்பாச் சொல்லாதீங்க. காலி டேங்க்தான் எமன். திரவம் வெடிக்காது, ஆவிதான் வெடிக்கும். காத்துல 1.4 சதவீதம் பெட்ரோல் ஆவி இருந்தாலே பத்திக்கும். காத்தை விட கனம், அதனால கீழயே தேங்கி நிக்கும். டேங்க்கை இறக்கி வெளிய தள்ளி வச்சிட்டு அறுக்கிறதுதான் முறை. துரு போல்ட்டுக்கு ரெண்டு நாள் எண்ணெய் விட்டு ஊற வைக்கலாமே, என்ன அவசரம்? பேட்டரி மைனஸைக் கழட்டணும். வண்டிக்கு அடியில படுத்து பைப், ஒயர் எங்க ஓடுதுன்னு பாத்து அளவெடுத்த பிறகுதான் மேல கோடு. தரைக்கு அடியில வண்டியைத் தாங்குற குறுக்குச் சட்டத்தைத் தொடவே கூடாது. தகரத்து மேல ஒட்டியிருக்கிற தார் ஷீட்டை முதல்ல சுரண்டிருங்க, அது புகைஞ்சு பத்தும். மூலை நாலும் வளைவா இருக்கணும், கூரா விட்டா அங்கிருந்து கிழியும். விளிம்பை அரத்தால ராவி பிரைமர் அடிங்க. அறுத்த ஓட்டைக்குப் போடுற மூடிக்குக் குட்டை ஸ்க்ரூ போடுங்க, நீளமாப் போட்டா அது போய் டேங்க்கையே குத்தும்.

என் கதையா? அறுத்து முடிச்சு தரை விரிப்பை முழுசா உரிச்சா, நாலு விரல் தள்ளி கம்பெனியே வச்ச மூடி இருக்கு. பாலக்காட்டு மெக்கானிக் பாத்துட்டு "எந்தா சேட்டா இது"ன்னார். அவ்வளவுதான்.

கம்பத்துக்காரன்
மணி அண்ணே, அறுத்து மூணு மாசம் ஆச்சு. இதை எல்லாம் இப்பச் சொல்லி என்ன பண்ண?

புளியரை டிரைவர்
காலி டேங்க் விஷயம் ஒத்துக்கிறேன். ஆனா ரெண்டு நாள் ஊற வைக்கிறதெல்லாம் சொந்த வண்டிக்காரன் பேச்சு. வாடகை வண்டிக்கு அந்த ரெண்டு நாள் யார் தருவா?

கம்பத்துக்காரன்
அது இருக்கட்டும். நேத்து குமுளியில நல்ல மழை. மூடி வழியா தண்ணி ஏறி மேட் நனைஞ்சிருச்சு. சிலிகான் போதுமா, ரப்பர் வைக்கணுமா?