நம்பர் பிளேட் இருந்தால் ரோட்டு வண்டியா? 'ஸ்ட்ரீட் லீகல்' டிராக் கார்கள் பற்றி ஒரு விவாதம்

நாலாங்கியர் (ஓஹாயோ)

டர்போ பற்றிய இழையில் பெட்ஃபோர்ட்வாசி ஒரு வரி எழுதியிருந்தார்: "ஆறு வினாடிக்குள் கால் மைல் ஓடும் காரை ரோட்டு வண்டி என்று சொல்வது ஏமாற்று வேலை." அங்கே பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. ஆனால் அந்த வரி மனதை விட்டுப் போகவில்லை, அதனால் தனி இழை திறக்கிறேன். புதியவர்களுக்கு: டிராக் ரேஸ் (drag race) என்பது நின்ற இடத்திலிருந்து கால் மைல் நேர்கோட்டில் ஓடும் பந்தயம், 'ஸ்ட்ரீட் லீகல்' என்றால் பொதுச்சாலையிலும் சட்டப்படி ஓட்டக்கூடிய வண்டி.

2005-இல் ஹாட் ராட் பத்திரிகை 'டிராக் வீக்' என்ற போட்டியைத் தொடங்கியது. ஐந்து நாள் பந்தயம். ஒரு டிராக்கில் ஓடி முடித்ததும் நேரச்சீட்டைக் கொடுத்துவிட்டு, அதே காரை ஓட்டிக்கொண்டு அடுத்த டிராக்குக்குப் போக வேண்டும். மொத்தம் ஏறக்குறைய 1000 மைல், நம் கணக்கில் 1600 கிலோமீட்டர். காரை லாரியில் ஏற்றினால் ஆட்டம் முடிந்தது. கூடவே உதவி வண்டி வரக்கூடாது. ஸ்பானர், ஜாக்கி, மாற்று டயர் எல்லாம் காருக்குப் பின்னால் மாட்டிய சின்ன டிரெய்லரில்தான். வழியில் நின்றுபோனால் நீங்களே படுத்துப் பழுது பார்க்க வேண்டும், அல்லது சக போட்டியாளர் இரங்கி உதவ வேண்டும்.

2014 டிராக் வீக்கில் லாரி லார்சன் தன் செவர்லே எஸ்-10 பிக்கப்பில் கால் மைலை 5.95 வினாடியில் ஓடினார். முடிவுக்கோட்டில் வேகம் 244 மைல், அதாவது மணிக்கு 390 கிலோமீட்டருக்கும் மேல். அந்த வண்டி செப்டம்பர் வெயிலில் சிக்னலில் நின்று, பெட்ரோல் பங்கில் வரிசையில் காத்து, நெடுஞ்சாலையில் ஓடித்தான் டிராக்குக்கு வந்தது. நம்பர் பிளேட், இன்சூரன்ஸ், ஹெட்லைட், இண்டிகேட்டர் எல்லாம் உண்டு. இது ரோட்டு வண்டி இல்லையென்றால் எதுதான் ரோட்டு வண்டி?

பெட்ஃபோர்ட்வாசி (இங்கிலாந்து)

நண்பரே, அந்த ஐந்து நாள் உழைப்பை நான் குறைத்துப் பேசவில்லை. இரவு இரண்டு மணிக்கு ஹோட்டல் வாசலில் கியர்பாக்ஸை இறக்கி ஏற்றுபவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனால் ஒரு வண்டி தாக்குப்பிடித்து ஓடுகிறது என்பதும் சட்டப்படி ஓடுகிறது என்பதும் ஒன்றல்ல.

மேல் வகுப்புகளில் நடப்பதைப் பாருங்கள். டிராக்கில் ஸ்லிக் டயர் (கோடுகளே இல்லாத ரேஸ் டயர்), ரேஸ் எரிபொருள், முழு பூஸ்ட் (டர்போ அழுத்தம்). சாலைக்கு வரும்போது, சாலைக்கு ஏற்றது என்ற தர முத்திரை பெற்ற டயர், பம்பு பெட்ரோல், அடக்கி வைத்த ட்யூனிங். 5.95 ஓடிய அமைப்பு ஒன்று, சாலையில் வந்த அமைப்பு இன்னொன்று. எந்த நிலையில் அது சட்டப்படியானதோ அந்த நிலையில் ஓடிய நேரத்தைச் சொல்லுங்கள், முழு மனதோடு ஒத்துக்கொள்கிறேன்.

எங்கள் பக்கம் சான்டா பாட் டிராக்கில் 'ஸ்ட்ரீட் எலிமினேட்டர்' வகுப்பு இருக்கிறது. எம்.ஓ.டி. சான்று (எங்கள் வருடாந்தர வாகனச் சோதனை), சாலை வரி, இன்சூரன்ஸ் மூன்றும் காட்ட வேண்டும். பந்தயத்துக்கு முன் பொதுச்சாலையில் ஓட்டிக்காட்ட வேண்டும். ஆண்டி ஃபிராஸ்டின் 'ரெட் விக்டர்' என்ற பெயர்பெற்ற கார் வந்தது இந்தக் களத்திலிருந்துதான். அந்த முறை எனக்கு நேர்மையாகப் படுகிறது.

நாலாங்கியர்

மைதானத்தில் ஸ்பைக் ஷூ போட்டு ஓடுபவர் வீட்டுக்குச் செருப்பில் போகிறார். ஆள் மாறிவிடுகிறாரா?

எரிபொருளையும் சக்கரத்தையும் மாற்றினால் வேறு வண்டி என்றால், 2018 டாட்ஜ் டீமனை எங்கே வைப்பீர்கள்? 91 ஆக்டேன் பம்பு பெட்ரோலில் 808 குதிரைசக்தி, 100 ஆக்டேன் ஊற்றினால் 840. டிராக்கில் மாட்ட ஒல்லியான முன் சக்கரங்களும் ஜாக்கியும் ஒரு பெட்டியில் வைத்துக் கம்பெனியே கொடுத்தது. முன்பக்கப் பயணி இருக்கை வேண்டுமென்றால் ஒரு டாலர். இதை அமெரிக்கா முழுக்க ஷோரூமில் விற்றார்கள், அதை யாரும் ஏமாற்று என்று சொல்லவில்லை.

பட்டறைமணி (கோயம்புத்தூர்)

டீமன் பேச்சு வந்ததால் உள்ளே வருகிறேன். அந்தக் கார் கால் மைலில் 9.65 வினாடி, 140 மைல் என்று அமெரிக்க டிராக் ரேஸ் அமைப்பான என்.எச்.ஆர்.ஏ. சான்றளித்தது. அதே என்.எச்.ஆர்.ஏ. தன் டிராக்குகளில் அதை அப்படியே ஓட விடவில்லை. 9.99 அல்லது அதைவிட விரைவாக ஓடும் காருக்கு ரோல் கேஜும் (உள்ளே கூண்டு போல் வெல்டிங் செய்யும் இரும்புக் குழாய்கள்), ஓட்டுபவருக்குப் போட்டி உரிமமும் வேண்டும் என்பது அன்றைய விதி, தொழிற்சாலையிலிருந்து வந்த காரில் கேஜ் கிடையாது. பிற்பாடு ஏர்பேக்கும் ஏ.பி.எஸ்.ஸும் உள்ள புதிய கார்களுக்கு 9.00 வினாடி, 150 மைல் வரை தளர்த்தினார்கள். 2023-இல் டீமன் 170 வந்தது, 8.91 வினாடி, 151 மைல். மறுபடியும் கோட்டுக்கு வெளியே போய்விட்டது.

ஆக, சாலையில் சட்டப்படி ஓடும் கார் டிராக்கில் விதிமீறல். இதற்கு நேர் எதிர்ப்பக்கம்தான் என்னை அதிகம் உறுத்துகிறது. டிராக் விதிக்காக கேஜ் போடுகிறோம். கதவோரம் ஒரு குழாய், தலைக்கு மேல் ஒரு குழாய், விண்ட்ஷீல்டு ஓரமாக இறங்கும் ஒரு குழாய். ஹெல்மெட் போட்டு, ஐந்து முனை பெல்ட்டில் இறுக்கிக் கட்டி உட்கார்ந்தால் அது உயிரைக் காக்கும். அதே காரை எடுத்துக்கொண்டு காய்கறி வாங்கப் போகும்போது தலையில் ஹெல்மெட் இருக்காது. சாதாரணத் தோள் பெல்ட் உடம்பைக் கொஞ்சம் முன்னால் விடும். பக்கத்திலிருந்து ஒரு வேன் மெதுவாக இடித்தாலே தலை போய் மோதுவது இரும்புக் குழாயில். எஸ்.எஃப்.ஐ. 45.1 என்ற ரேஸ் பாதுகாப்புத் தரத்துக் கெட்டி நுரை சுற்றினாலும் அது ஹெல்மெட் போட்ட தலைக்கு உதவும் அளவுக்கு வெறும் தலைக்கு உதவாது. கேஜுக்கு வழிவிட ஏர்பேக்கையும் சிலர் கழற்றிவிடுகிறார்கள்.

25 வருடமாக வெல்டிங் செய்கிறேன். ஒரே குழாய் ஓரிடத்தில் காப்பாற்றும், இன்னோரிடத்தில் கொல்லும். இந்த விவாதத்தில் இதை யாரும் பேசாமலிருப்பது எனக்கு வருத்தம்.

தாரிணி_எம் (டொராண்டோ)

பட்டறைமணி அண்ணா சொன்னது முக்கியம். நான் இன்சூரன்ஸ் க்ளெய்ம் பிரிவில் வேலை செய்கிறேன், அதனால் சட்டப் பக்கத்தைச் சொல்கிறேன்.

அமெரிக்காவின் மத்திய வாகனப் பாதுகாப்பு விதிகள் கார் தயாரிப்பவரைக் கட்டுப்படுத்துகின்றன. விற்ற பிறகு அந்தப் பாதுகாப்பு அம்சங்களைச் செயலிழக்கச் செய்யக் கூடாது என்ற தடை, தயாரிப்பாளர், டீலர், பழுதுபார்க்கும் தொழில் செய்பவர்கள் மேல்தான். சொந்தக்காரர் தன் வீட்டுக் கொட்டகையில் ஏர்பேக்கைக் கழற்றினால் அந்த மத்தியத் தடை அவரைத் தொடாது. மிச்சமெல்லாம் மாநிலத்தின் கையில். பென்சில்வேனியாவில் வருடாந்தரப் பாதுகாப்புச் சோதனை உண்டு. எல்லை தாண்டி ஓஹாயோ வந்தால் அப்படி ஒன்று இல்லை, கிளீவ்லாந்து சுற்றுவட்டாரத்தில் சில கவுண்டிகளில் புகைச் சோதனை மட்டும். நாலாங்கியர் அண்ணாவின் வண்டியை அரசாங்கத்தில் யாராவது கடைசியாக எப்போது தூக்கி அடியில் பார்த்தார்கள்?

அந்தப் பாதுகாப்பு விதிகள் 1968 ஜனவரியில்தான் நடைமுறைக்கு வந்தன. 1966 செவி நோவாவுக்கு அவை பொருந்தாது. லார்சன் பிக்கப்புக்கு முன் வருடக்கணக்கில் ஓட்டி வென்றது 1966 நோவாவில். எஸ்-10 என்ற மாடலோ 1982-இல்தான் வந்தது. ஒரே ஆள், ஒரே போட்டி, ஆனால் இரண்டு வண்டிக்கும் கேட்கப்படும் கேள்வி வேறு. ஆகவே 'ஸ்ட்ரீட் லீகல்' என்று யாராவது சொன்னால் எந்த ஊரில், எந்த வருட வண்டி என்று கேட்காமல் அந்தச் சொல்லுக்கு அர்த்தமே இல்லை.

இன்னொன்று. மாற்றங்களைச் சொல்லாமல் எடுத்த இன்சூரன்ஸ், விபத்து நடக்கும்வரைதான் இன்சூரன்ஸ் போலத் தெரியும்.

பெட்ஃபோர்ட்வாசி

தாரிணி, இதைத்தான் நான் சொல்ல வந்தேன். பல இடங்களில் 'சட்டப்படி' என்பதன் பொருள் 'யாரும் பார்க்கவில்லை' என்பதுதான்.

இங்கே 2025 ஆகஸ்ட் வரை கணக்கு கறாராக இருந்தது. வண்டியில் பெரிய மாற்றம் செய்து பழைய பதிவு எண்ணை வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் டி.வி.எல்.ஏ.விடம் (வாகனப் பதிவு அலுவலகம்) 8 புள்ளி காட்ட வேண்டியிருந்தது. மாற்றப்படாத சேசிஸ் அல்லது பாடிஷெல்லுக்கு 5, சஸ்பென்ஷன் 2, ஆக்சில் 2, கியர்பாக்ஸ் 2, ஸ்டியரிங் 2, எஞ்சினுக்கு 1. தேறாவிட்டால் தனி வண்டிச் சோதனை, வயது உறுதியில்லாத வண்டிக்குத் தரும் 'க்யூ' எழுத்தில் தொடங்கும் பிளேட்.

என் பழைய ஃபோர்டு எஸ்கார்ட்டைச் சொல்கிறேன். எஞ்சின், கியர்பாக்ஸ், ஆக்சில் மூன்றும் மாற்றியாகிவிட்டது. ஷெல் 5, சஸ்பென்ஷன் 2, ஸ்டியரிங் 2, மொத்தம் 9. ஒரு பட்டறையில் சஸ்பென்ஷனையும் மாற்றச் சொல்லி வற்புறுத்தினார்கள், இதனால் பேப்பரில் ஒன்றும் ஆகாது என்றார்கள். மாற்றியிருந்தால் 7, அதோடு அந்த எண் போயிருக்கும். பின்னால் அகல டயருக்காக ஷெல்லை வெட்டியிருந்தால் அந்த 5-ம் கையில் நிற்காது. குழாய்ச் சேசிஸ் மேல் பழைய கூரையையும் கதவையும் மாட்டிவிட்டு '1969 கார்' என்று சொல்லும் வண்டி இந்தக் கணக்கில் தொடக்கத்திலேயே விழுந்துவிடும். அது புது வண்டி, புது வண்டிக்கான கேள்விகளைத்தான் கேட்க வேண்டும்.

நாலாங்கியர்

புள்ளிக் கணக்கு வண்டி அசலா என்று சொல்லும். பிரேக் பிடிக்குமா என்று சொல்லாது. 9 புள்ளி வாங்கிய காரிலும் பிரேக் லைன் துருப்பிடித்திருக்கலாம். 40 வயதைத் தாண்டி, பெரிய மாற்றம் செய்யாத வண்டிக்கு உங்கள் ஊரில் எம்.ஓ.டி.யே கட்டாயமில்லை, 2018 முதல் அப்படித்தானே?

தாரிணி, நேர்மையான பதில்: என் வண்டியை அரசாங்கத்தில் யாரும் தூக்கிப் பார்த்ததில்லை. நான் பார்க்கிறேன், ஒவ்வொரு வருடமும் போட்டிக்கு முன் டெக் சோதனையில் (டிராக்கில் செய்யும் பாதுகாப்புச் சோதனை) பார்க்கிறார்கள். அதுவும் பத்தாது என்றால் வாதத்தை ஏற்கிறேன்.

ஆனால் ஒன்றை மறக்காதீர்கள். வாலி பார்க்ஸ் 1951-இல் என்.எச்.ஆர்.ஏ.வை ஆரம்பித்ததே ரோட்டில் ரேஸ் ஓட்டிச் செத்துக்கொண்டிருந்த பையன்களை டிராக்குக்குக் கூட்டிவரத்தான். வேலைக்கு ஓட்டிப்போகும் காரையே சனிக்கிழமை டிராக்குக்குக் கொண்டுவரலாம் என்றால் பையன் வருவான். டிரெய்லர், இழுக்க ஒரு டிரக், தனியாக ரேஸ் கார் என்று ஆரம்பித்தால் வரமாட்டான், ஊருக்கு வெளியே ஆளில்லாத சாலைக்குப் போவான். அப்படிப் போன ஒருவனின் இறுதிச் சடங்குக்கு நான் போயிருக்கிறேன். இந்த வகுப்பின் வாசல் திறந்தே இருக்க வேண்டும் என்று நான் மல்லுக்கட்டுவது அதனால்தான்.

பெட்ஃபோர்ட்வாசி

இதற்கு எதிர்வாதம் என்னிடம் இல்லை. வருந்துகிறேன், நண்பரே.

ஆனால் அந்தப் பையன் ஓட்டிவருவது 13 வினாடிக் கார். அவனுக்கு வாசல் திறந்திருக்கட்டும், நூறு தடவை சொல்வேன். நான் கேள்வி கேட்பது உச்சியில் இருக்கும் பத்துப் பதினைந்து வண்டிகளை. அவற்றின் பெயரால்தான் 'உலகிலேயே வேகமான ரோட்டு வண்டி' என்ற பட்டம் எழுதப்படுகிறது.

புதுக்கிளட்ச் (திருப்பூர்)

இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். நம் ஊரில் இப்படி ஒரு வண்டி கட்டி, நம்பரோடு ஓட்ட வழி இருக்கிறதா? பழைய எஸ்டீம் ஒன்று வைத்திருக்கிறேன்.

பட்டறைமணி

தம்பி, ஆசையாகக் கேட்கிறாய், உண்மையைச் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவுப்படி, ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரம் தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. 182ஏ பிரிவில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். பொது இடத்தில் ரேஸ் ஓட்டினால் 189 தனியாக வரும். அமெரிக்காக்காரர் பேசும் 'ஸ்ட்ரீட் லீகல்' நமக்கு இல்லை.

எஸ்டீமை முழு ரேஸ் காராகவே கட்டு. டிரெய்லரில் ஏற்றிப் போ. முன்பு சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில் எத்தனையோ பேர் அப்படித்தான் வந்து ஓடினார்கள். வெல்டிங்குக்கு என்னிடம் வா.

தாரிணி_எம்

டயர் பற்றி யாரும் முடிக்கவில்லையே. முத்திரை இருந்தால் போதுமா?

நாலாங்கியர்

இந்த இடத்தில் நான் கொஞ்சம் இறங்கி வருகிறேன். டிராக் ரேடியல் டயரில் (டிராக் ரேஸுக்காகச் செய்த டயர்) சாலை முத்திரை இருக்கும், சட்டப்படி குறையில்லை. ஆனால் கோடுகள் ஆழமில்லை, ரப்பர் மெதுவு, தண்ணீர் வெளியேற வழி குறைவு. இரண்டு வருடம் முன்பு கொலம்பஸ் பக்கம் நெடுஞ்சாலையில் திடீர் மழை. 45 மைலில்தான் போனேன். பாலத்தின் மேல் வண்டியின் பின்பக்கம் மிதந்து, பக்கத்து லேனில் போய் நின்றது. அந்த லேனில் அப்போது யாரும் இல்லை, அதனால் இன்று எழுதுகிறேன். பக்கச்சுவரில் முத்திரை இருந்தது. அன்று அந்த வண்டி ரோட்டில் இருந்திருக்கக் கூடாது.

அன்றிலிருந்து சாலைக்குத் தனி டயர். அதைச் சொன்னால் பெட்ஃபோர்ட்வாசி "பார்த்தீர்களா, இரண்டு வண்டி" என்பார்.

பெட்ஃபோர்ட்வாசி

சொல்லமாட்டேன். மழைக்கு டயர் மாற்றியது நல்ல ஓட்டுநர் செய்யும் வேலை. ஆனால் நேரம் எழுதும்போது எந்த டயர், எந்த எரிபொருள் என்று பக்கத்திலேயே எழுதுங்கள். நான் கேட்பது அவ்வளவுதான்.

நாலாங்கியர்

சரி. வரும் சனிக்கிழமை இங்கே ஓஹாயோவில் உள்ள நார்வாக் டிராக்குக்குப் போகிறேன். வீட்டிலிருந்து ஓட்டிப்போகும் அதே நான்கு டயர், வழியில் போட்ட பம்பு பெட்ரோல், ட்யூனிங்கைத் தொடமாட்டேன். வழக்கமாக 9.80 ஓடுவேன், இது அதைவிட நிறைய மெதுவாகத்தான் வரும். வந்ததும் சீட்டைப் படமெடுத்து இங்கே போடுகிறேன், அதன் கீழே ஸ்லிக்கில் ஓடிய சீட்டையும் போடுகிறேன்.

பெட்ஃபோர்ட்வாசி

டயர் காற்றழுத்தத்தையும் குறைக்காதீர்கள். எஸ்கார்ட்டை நானும் அடுத்த மாதம் அதே மாதிரி ஓட்டிப் போடுகிறேன்.