வீடியோ கன்வர்ட் செய்யப்போய் மாட்டிக்கொண்ட கதைகள்

ஒரு மணி நேர நேர்காணல், மூன்று போன்களில் எடுத்தது. எடிட்டர் மென்பொருளின் டைம்லைனில் போட்டுப் பிளே அழுத்தினால் படம் திக்கித் திக்கி வந்தது. பின்னோக்கி இழுத்தாலோ லேப்டாப்பின் விசிறி மட்டும்தான் ஓடியது. "எம்ஓவியா? எம்பி4 ஆக்கு, சரியாகிவிடும்" என்றார் ஒரு நண்பர். ராத்திரி முழுக்க ஓடவிட்டு மாற்றினேன். காலையில் பார்த்தால் அதே திக்கல்.

எம்ஓவி, எம்பி4, எம்கேவி எல்லாம் வெறும் டப்பாக்கள், உள்ளே எந்தக் கோடெக் (படத்தைச் சுருக்கி எழுதும் முறை) இருக்கிறது என்பதுதான் விஷயம் என்று அப்புறம்தான் உறைத்தது. என் போன்கள் எழுதியது எச்.265 என்ற கோடெக். அது ஒரு பிரேமை, அதாவது ஒரு தனிப் படத்தை, முழுதாக எழுதிவிட்டு, அதற்கடுத்த பிரேம்களில் எது மாறியதோ அதை மட்டும் குறித்துக்கொண்டே போகும். உட்கார்ந்து படம் பார்ப்பவருக்கு அது போதும். வெட்டுகிறவர் எங்கோ நடுவில் போய் நிற்கிறார். அந்த ஒரு பிரேமைக் காட்ட, முந்தைய முழுப் பிரேமிலிருந்து கணக்குப் போட்டுக்கொண்டே வர வேண்டும். பின்னோக்கி இழுத்தால் கேட்கவே வேண்டாம்.

சரி என்று எல்லாவற்றையும் எடிட்டிங்குக்கென்றே உள்ள புரோரெஸ் 422 கோடெக் ஆக்க ஆரம்பித்தேன். அதில் ஒவ்வொரு பிரேமும் தனித்தனியாக முழுசு. ஆனால் 1080பி, 29.97 பிரேமுக்கு நொடிக்கு சுமார் 147 மெகாபிட், அதாவது நிமிடத்துக்கு 1.1 ஜிபி. மூன்று போன், ஒரு மணி நேரம், கிட்டத்தட்ட 200 ஜிபி. இரண்டாவது போனின் பாதியிலேயே டிஸ்க் நிரம்பிவிட்டது. கடைசியில் புராக்சிதான், அதாவது வெட்டுவதற்கு மட்டுமான லேசான நகல்தான், கைகொடுத்தது: புரோரெஸ் புராக்சி சுமார் 45 மெகாபிட்தான். அதை வைத்து வெட்டிவிட்டு, எக்ஸ்போர்ட் செய்யும்போது அசல் கோப்புக்கு மாறிக்கொள்ளலாம். இப்போது வெண்ணெய் மாதிரி ஓடுகிறது. மூன்றாவது போனின் உதடசைவு மட்டும் அடிக்கடி தள்ளிப்போகிறது, நானும் கையாலேயே நகர்த்தி நகர்த்தி வைக்கிறேன். என் ஒத்திசைவுதான் சரியில்லை போலிருக்கிறது.

* * *

உங்களை மாதிரிதான் நானும், எம்கேவியில் இருந்த திரைப்பதிவை எடிட்டர் வாங்க மறுத்ததும் முழுசாக மறு என்கோடு செய்தேன். மூன்று மணி நேரம், தரமும் கொஞ்சம் போனது. உள்ளே இருந்தது சாதாரண எச்.264 கோடெக். கட்டளை கொடுத்து வீடியோ மாற்றும் எஃப்எஃப்எம்பெக்கில் "காப்பி" என்று சொல்லி டப்பாவை மட்டும் மாற்றியிருந்தால் அரை நிமிடத்தில் முடிந்திருக்கும். திரையைப் பதிவு செய்யும் ஓபிஎஸ் வைத்திருப்பவர்களுக்கு அதிலேயே டப்பாவை மட்டும் மாற்றும் ரீமக்ஸ் இருக்கிறது, கட்டளையெல்லாம் வேண்டாம்.

* * *

லினக்ஸில் எனக்கு வந்தது வேறு வியாதி. படம் வருகிறது, சத்தம் இல்லை. ஸ்பீக்கரைக் கழற்றி மாட்டினேன், டிரைவரை மறுபடி நிறுவினேன், ஒரு ஞாயிற்றுக்கிழமை அதிலேயே போனது. எடிட்டருக்கு ஏஏசி என்ற சுருக்கிய ஒலியைப் படிக்கத் தெரியாதாம்! படத்தை அப்படியே காப்பி செய்துவிட்டு ஒலியை மட்டும் சுருக்காத பிசிஎம் ஆக்கி எம்ஓவியில் போட்டேன். பேசியது.

* * *

புரோரெஸ் ஆக்கினால் தரம் கூடும் என்று நினைத்து, மாற்றிய கையோடு அசலை அழித்தவன் நான். சுருக்கி எடுத்ததைப் பெரிய பாத்திரத்தில் ஊற்றினால் பாத்திரம்தான் பெரிசு. அதுகூடப் பரவாயில்லை. போன் எடுத்தது எச்டிஆர் (வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் இடையே அதிக வீச்சைப் பதிவது), நான் அதைக் கவனிக்காமல் சாதாரண எஸ்டிஆர் ஆக மாற்றியிருந்தேன். முகமெல்லாம் சாம்பல் பூசியது போல வெளிறி, வானம் வெறும் வெள்ளை. திரும்பிப் போக அசல் இல்லை. இப்போதெல்லாம் வேலையைக் கொடுத்து ஒரு மாதம் ஆகும்வரை எதையும் தொடுவதில்லை.

* * *

முதலில் எழுதியவருக்கு: மூன்றாவது போன் விஷயத்தில் உங்கள் கையைக் குறை சொல்லாதீர்கள். பெரும்பாலான போன்கள் நிலையான வேகத்தில் எழுதுவதில்லை. வெளிச்சம் குறைந்தால் 30 பிரேம் 24க்கும் அதற்குக் கீழேயும் இறங்கும், மறுபடி ஏறும். எடிட்டர் அதைச் சீரான 30 என்று எடுத்துக்கொண்டால் ஒலி ஒரு பக்கம், உதடு ஒரு பக்கம். ஒரு வகுப்புப் பதிவில் இதே பாடு எனக்கு. நாற்பதாவது நிமிடத்தில் ஆசிரியர் வாயை மூடிய பிறகும் பேசிக்கொண்டிருந்தார். ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் பிரேம் ரேட்டுக்குக் கீழே "பீக்" என்று இருப்பதை "கான்ஸ்டன்ட்" ஆக்கி மாற்றினால் தீரும். முதல் முறை அந்த ஒரு புள்ளியை மாற்ற மறந்து, இரண்டு தடவை ஓடவிட்டேன். கோப்பின் விவரங்களைக் காட்டும் மீடியாஇன்ஃபோவில் கோப்பைத் திறந்து, குறைந்தபட்ச, அதிகபட்ச பிரேம் வேகத்தைப் பாருங்கள்.

* * *

பார்த்தேன். முதல் இரண்டு போன்களும் 29.9க்கும் 30க்கும் நடுவில் சமர்த்தாக இருக்கின்றன. ஜன்னல் வெளிச்சம் எட்டாத மூலையில் வைத்த மூன்றாவது போன் 20 வரை இறங்கியிருக்கிறது. கன்வர்ட் செய்வதற்கு முன்னால் இந்த ஒரு நிமிட வேலையைச் செய்திருக்கலாம். அந்தக் கோப்பை மட்டும் நிலையான 30க்கு மாற்றப் போட்டிருக்கிறேன், இப்போது 40 சதவீதம். அதன் புராக்சியை மறுபடி எடுத்து, கையால் நகர்த்திய வெட்டுகளையெல்லாம் பழைய இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். எண்ணிப் பார்த்தேன், 19.