கெண்டையின் செவுளில் கண்ட புழு

தாமிரபரணியில் சேரன்மகாதேவிப் பக்கம் வீச்சு வலை போடும் அண்ணன் ஒருவரிடம் உயிரோடு வாங்கிய கெண்டைகளில்தான் நான் முதன்முதலாக, மீனின் செவுளில் ஒட்டி வாழும் ஒட்டுண்ணிப் புழுக்களைத் தேடினேன். மீன் செத்துச் சில மணி நேரத்தில் செவுள் இழைகள் குழைந்துவிடும், புழுவும் சிதையத் தொடங்கிவிடும் என்பதால் அன்றே அறுத்துப் பார்த்தாக வேண்டும். ஒருமுறை களைப்பில் ஐந்து மீன்களைக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டேன். மறுநாள் காலையில் ஒரு புழுகூட வரைவதற்குத் தகுதியாகக் கிடைக்கவில்லை. அந்த ஐந்து உயிர்களும் வீணாய்ப் போனதை நினைத்தால் இன்றும் மனம் வலிக்கிறது.

என் கைக்கு வந்தது டாக்டைலோகைரஸ் பேரினத்தைச் சேர்ந்த புழு. அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. தலையில் நான்கு மடல்கள், நான்கு கண்புள்ளிகள், பின்முனையில் செவுளைப் பற்றிக்கொள்ள ஓர் இணைப் பெரிய கொக்கிகள், அவற்றைச் சுற்றி 14 சிறு கொக்கிகள். ஸ்வீடனைச் சேர்ந்த மால்ம்பெர்க் 1957இல் எழுதிய முறைப்படி, அம்மோனியம் பிக்ரேட்டும் கிளிசரினும் கலந்த கரைசலில் ஒரு துளியை மூடுவில்லையின் ஓரத்தில் விட்டு நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டே இருந்தேன். மஞ்சள் நிறம் மெல்ல உள்ளே பரவ, சதை தெளிந்து மறைய, கொக்கிகளும் ஆண் புணர்ச்சி உறுப்பின் வளைந்த குழலும் கூர்மையாக எழுந்து வந்தன. ஒரு சிற்றினத்தை இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்டுவது பெரும்பாலும் இந்தக் கடினப் பகுதிகளின் வடிவமும் மைக்ரோமீட்டர் அளவுகளும்தான்.

தாமிரபரணிக்கே உரிய டாகின்சியா தம்பரபர்ணி என்ற கெண்டையிலிருந்து புதிய சிற்றினம் கிடைத்துவிட்டது என்று நம்பி, நான்கு மாதங்கள் வரைந்தேன், அளந்தேன். பிறகுதான் மீனையே தவறாக அடையாளம் கண்டிருந்தேன் என்பது தெரிந்தது. நான் அறுத்தவை டாகின்சியா ஃபிலமென்டோசாவின் குஞ்சுகள். இளம் பருவத்தில் அவற்றின் உடலில் கறுப்புப் பட்டைகள் இருக்கும். வளர வளர அவை மங்கி, வாலருகே உள்ள கரும்புள்ளி மட்டும் எஞ்சும். அந்த மீனின் புழுவோ பல ஆண்டுகளுக்கு முன்பே விவரிக்கப்பட்டிருந்தது. டாக்டைலோகைரஸ் இனங்கள் பெரும்பாலும் ஒரே மீனையோ மிக நெருங்கிய உறவு மீன்களையோ சார்ந்து வாழ்பவை என்பதால், மீனின் பெயர் தவறானால் புழுவைப் பற்றிய முடிவும் தவறாகிவிடும்.

மீன்களின் பெயர்களே மாறியிருப்பது இந்தச் சிக்கலைக் கூட்டுகிறது. இந்திய மீனியலாளர் சைலஸ் 1954இல் விவரித்த தம்பரபர்ணிக் கெண்டை நெடுங்காலம் புன்டியஸ் பேரினத்தில் இருந்தது. 2012இல் இலங்கை மீனியலாளர் ரோஹன் பெத்தியகொடவும் உடன் ஆய்வாளர்களும் தெற்காசியப் புன்டியஸைப் பல பேரினங்களாகப் பிரித்தபோதுதான் டாகின்சியா பிறந்தது. ஆகவே பழைய ஒட்டுண்ணிக் கட்டுரையில் புன்டியஸ் என்று கண்டால், அது இன்றைய எந்த மீன் என்று முதலில் தேட வேண்டும். ரஷ்ய அறிஞர் குஸேவ் 1976இல் வெளியிட்ட இந்திய நன்னீர் மோனோஜீனியா (இந்தச் செவுள் புழுக்கள் அடங்கும் ஒட்டுண்ணிக் குழு) ஆய்வு எனக்கு இன்றும் பெருந்துணை. ஆனால் ஓரிரு புழுக்களை மட்டும் அளவுக்கு மீறி நசுக்கி வரைந்து, ஹோலோடைப்பை, அதாவது சிற்றினப் பெயருக்கு அடிப்படையான மாதிரியை, அருங்காட்சியகத்தில் ஒப்படைக்காமலே விட்ட விவரிப்புகளும் நம்மிடம் உள்ளன. அவற்றோடு ஒப்பிட வழியே இல்லை என்பது என் உண்மையான ஆதங்கம்.

இப்போது வேறொரு ஓடைக் கெண்டையிலிருந்து, எந்த விவரிப்போடும் பொருந்தாத புழு கிடைத்திருக்கிறது. இம்முறை அவசரப்படவில்லை. சில புழுக்களைக் குறுக்கே வெட்டி, கொக்கிகள் உள்ள பின்பாதியைக் கண்ணாடி வில்லையிலும் முன்பாதியை டிஎன்ஏவுக்காக எத்தனாலிலும் வைத்தேன். இப்படிச் செய்தால் டிஎன்ஏ வரிசையும் வடிவமும் ஒரே உயிரியுடையவை என்று காட்ட முடியும். முழுப் புழுக்கள் 26 அளந்தாயிற்று. ஹோலோடைப்பும், அதனுடன் சேரும் துணை மாதிரிகளான பாராடைப்புகளும் இந்திய விலங்கியல் ஆய்வகத்துக்குப் போகும். பெயர், விலங்குப் பெயர்களுக்கான இணையப் பதிவேடான சூபேங்கில் பதிவாகும். செவுள் எடுத்த மீன்களையும் இந்த முறை தூக்கி எறியவில்லை. ஃபார்மலின் புட்டியில் அவை இருக்கின்றன. ஒவ்வொன்றின் வாலிலும் கட்டிய சீட்டில், அதன் புழு இருக்கும் வில்லையின் எண்ணைப் பென்சிலால் எழுதியிருக்கிறேன்.