பெரிய வீடு குரூப்: அப்பா ரிப்போர்ட்

குமார்: பயாப்ஸி ரிப்போர்ட் வந்துவிட்டது. நர்ஸ் கையில்தான் கவர் இருக்கிறது, பிரித்துக் காட்ட மாட்டேன் என்கிறது. "நாளைக்கு ரவுண்ட்ஸில் டாக்டர் சொல்வார்" என்று ஒரே பதில்

பாபு துபாய்: என்ன திமிர். பில் கட்டுவது நாம்

மீனா: பில்லை யார் கட்டுகிறார்கள் என்ற பேச்சு இங்கே வேண்டாம் தம்பி

செல்வி: ஆரம்பிச்சாச்சு

குமார்: நேற்று 500 ரூபாய் நீட்டினேன், அதையும் வாங்கவில்லை

சுமதி அத்தை: குமாரு, நல்ல பிள்ளையாகத்தான் மாட்டியிருக்கிறது, திட்டாதே. ஜிஎச்சில் தலை நரைத்தவள் சொல்கிறேன். ரிப்போர்ட்டை விளக்குவது டாக்டர் வேலை. நர்ஸ் அரைகுறையாக ஒரு வார்த்தை விட்டால் ராத்திரியெல்லாம் நீங்கள் கூகுள் பார்த்து அழுவீர்கள். அண்ணன் நல்ல நினைவோடு இருக்கிறார், அவர் சம்மதம் இல்லாமல் பிள்ளையாகவே இருந்தாலும் சொல்லக்கூடாது. இந்திய நர்சிங் கவுன்சில் 2006இல் போட்ட நெறிமுறையிலேயே நோயாளி ரகசியம் காக்கணும் என்று இருக்கிறது

ராமு மாமா: பப்பாளி இலைச் சாறு கொடுக்கலாமா

செல்வி: மாமா அது டெங்கு ஃபார்வர்டு

மீனா: எல்லா நர்ஸும் அப்படியா அத்தை? எங்கம்மாவுக்குப் போடாத ஊசியைப் போட்டதாக கேஸ் ஷீட்டில் எழுதி வைத்தார்களே

சுமதி அத்தை: அது மன்னிக்க முடியாத தப்பு மீனா. மறந்தால் மறந்தேன் என்று சார்ஜ் நர்ஸிடம் சொல்லணும், டாக்டரைக் கூப்பிடணும். பொய் எழுதினால் அடுத்த ஷிஃப்ட்காரி அதை நம்பித்தானே மருந்து கொடுப்பாள்

செல்வி: இந்த நர்ஸ் ஒவ்வொரு ஊசிக்கும் பெயர் கேட்கிறது, பெரியப்பாவுக்கு எரிச்சல்

சுமதி அத்தை: கேட்கத்தான் வேணும். பெயர், கைப்பட்டையில் ஐபி நம்பர் (உள்நோயாளி எண்), இரண்டும் ஒத்துப்போகணும். இன்சுலின் என்றால் இன்னொரு நர்ஸும் பார்ப்பது நல்லது. சிவப்பு மூடி சிரிஞ்ச் ஒரு மில்லியில் 40 யூனிட் இருக்கிற இன்சுலினுக்கு, ஆரஞ்சு 100 யூனிட் இருக்கிறதுக்கு. 100 மருந்தை 40 சிரிஞ்சில் அதே கோடு வரைக்கும் இழுத்தால் இரண்டரை மடங்கு ஏறிவிடும், சுகர் அப்படியே இறங்கிவிடும்

பாபு துபாய்: 👍

சுமதி அத்தை: அப்புறம் குமாரு, ஸ்டேட்டஸில் அண்ணன் மூக்கில் டியூபோடு இருக்கிற படத்தை எடு. பக்கத்துக் கட்டில்காரர் முகமும் தெரிகிறது

குமார்: சொந்தக்காரர்கள் கேட்கிறார்களே அத்தை

சுமதி அத்தை: எடு

செல்வி: நேற்று சாயங்காலம் பெரியப்பா அந்த நர்ஸிடம் ஏதோ மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தார். நான் உள்ளே போனதும் நிறுத்திவிட்டார். பசங்களிடம் சொல்லாதே என்று அவரே சொல்லியிருந்தால்?

பாபு துபாய்: ஊர் வீட்டுப் பத்திர விஷயமா

மீனா: தம்பி!!

ராமு மாமா: பத்திரம் பீரோவில்தானே இருக்கிறது

குமார்: அதை அப்புறம் பேசலாம். ரவுண்ட்ஸ் 9 மணிக்கு, யார் வருகிறீர்கள்

பாபு துபாய்: வீடியோ கால் போடு

சுமதி அத்தை: அண்ணனிடமும் டாக்டரிடமும் கேட்டுவிட்டுப் போடு

செல்வி: இன்று ராத்திரி யார் தங்குவது?

மீனா: முந்தாநாள் நான்

குமார்: பார்க்கலாம்

மீனா: யார் போனாலும் ஃபிளாஸ்க்கைக் கழுவி எடுத்துப் போங்கள், பால் நாற்றம் அடிக்கிறது